சாகப்போகிறேன் என்று சொன்னால் விசுவாசம் இல்லை என்றாகிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 61. கொழும்பு கொட்டாஞ்சேனையில் மகளோடு இருக்கிறேன், மகன் கனடாவில். சூலகப் புற்றுநோய், இப்போது ஈரலுக்கும் பரவிவிட்டது. இனிக் கீமோ வேண்டாம் என்று மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியர் மகளிடம் சொன்னதைத் திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த நான் கேட்டுவிட்டேன். எனக்குத் தெரியும் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கிளினிக்கில் தந்த மோர்பின் குளிசையைக் கடைசிக் காலத்துக்கு வைத்திருப்போம் என்கிறான் மகன், அதனால் தாங்கவே ஏலாத நேரம் மட்டும் ஒன்று போடுகிறேன். ஜெபக்குழுவில் இருந்து வருபவர்கள், விசுவாசித்தால் எழும்புவீர்கள், மரணத்தைப் பற்றி வாயால் சொல்லக்கூடாது என்கிறார்கள். வலி கூடிய நேரம் ஒரு அருள்நிறை மந்திரம்கூட எனக்கு முழுதாகச் சொல்ல வராது. ஆறாம் வகுப்பில் இருந்து கூடப்படித்த சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள், சைவப் பிள்ளை. 83 ஜூலைக் கலவரத்தில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே அகதி முகாமில் இருந்தபோது நானும் அவளும் ஒரே பாயில் படுத்தோம். செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் எனக்காக மெழுகுதிரி கொளுத்துகிறாளாம். ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மூன்று மாதமாக வரவில்லை. போன் எடுத்தால் "வாறன், வாறன்" என்கிறாள். இரவில் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் விசுவாசம் இழந்தவளா? எனக்குச் சமாதானம் கிடைக்குமா?

அன்புள்ள அக்கா,

நீங்கள் எனக்கு ஒன்பது வயது மூத்தவர், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். விசுவாசத்தைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை, நீங்கள் அதை இழக்கவில்லை. மந்திரம் முழுதாகச் சொல்ல வரவில்லையே என்று தவிக்கிறீர்களே, அந்தத் தவிப்பு எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஆனால் செபத்தைப் பற்றிக் கதைக்க முதல் வலியைப் பற்றிக் கதைக்கவேண்டும், ஏனென்றால் இருபத்திரண்டு வருடமாக, குணமாக்க ஏலாத நோயாளிகளின் வேதனையைத் தணிக்கும் நோய்தணிப்பு டொக்டராக இருக்கும் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம், வலி உச்சத்தில் இருக்கும் உடம்பு எதையும் நினைக்க விடாது, கடவுளையும்தான். மந்திரம் பாதியில் நின்றுபோவது உங்கள் ஆத்துமத்தின் குறை இல்லை, அலுமாரிக்குள் இருக்கும் மருந்தை எடுக்காததால் வந்தது. மகன் தூரத்தில் இருந்து பயத்தில் சொல்கிறார், அவரில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் நினைப்பது சரியில்லை. அளவு பார்த்து, வைத்தியர் சொன்னபடி எடுத்தால் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. புற்றுநோய் வலிக்கு எடுப்பவர் அதற்கு அடிமையாவது மிகவும் அபூர்வம். இப்போதே எடுத்துவிட்டால் கடைசியில் வேலை செய்யாது என்ற பயமும் வேண்டாம், வலி கூடினால் அளவைக் கூட்ட இடமிருக்கிறது, பனடோல் மாதிரி இவ்வளவுக்கு மேல் கொடுக்கவே கூடாது என்று ஒரு இடத்தில் நின்றுவிடும் மருந்து அது இல்லை. வலி வந்தபிறகு அதைத் துரத்திக்கொண்டு ஓடாமல், திரும்பி வர முன்னமே மணி பார்த்து எடுக்கவேண்டும். சாதாரணக் குளிசை நாலு மணித்தியாலத்துக்கு ஒன்று, மெதுவாகக் கரைகிற வகை என்றால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. உங்களுக்குத் தந்தது எது, எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்டு மகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவியுங்கள். ஈரலில் நோய் இருப்பதால் நீங்களாக ஒரு குளிசையைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். முதல் சில நாள் தூக்கம் தூக்கமாக வரும், சிலருக்கு ஓங்காளிக்கும், இரண்டும் பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் தானாகக் குறையாது, அதற்கான மருந்தைக் கூடவே கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு கிழமை வயிறு இறுகிக் கிடந்து, கடைசியில் மோர்பினையே நிறுத்திவிட்ட ஆட்களை நான் எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன்.

வலியைச் சிலுவையாக ஒப்புக்கொடுங்கள் என்று வருபவர்கள் யாரும் சொன்னார்களோ தெரியாது, நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் சனத்தில் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்காக இது: வேதனையைக் குறைக்க மருந்து எடுப்பதில் பிழையில்லை என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இலேயே வைத்தியர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

சரி, மணி பார்த்து மருந்து கொடுக்கும் இந்த முறையை உலகத்துக்குப் பரப்பியவரைப் பற்றிச் சொல்கிறேன், அந்தக் கதையில் உங்கள் சிநேகிதிக்கும் ஒரு பாடம் இருக்கிறது. சிசிலி சாண்டர்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு பெண். தாதியாகப் படித்தார், முதுகு வலியால் அந்த வேலையைச் செய்ய ஏலாமல் ஆஸ்பத்திரிச் சமூக சேவகியாக மாறினார், பிறகு சாகிறவர்களின் வலியைப் பார்த்துவிட்டு வைத்தியமும் படித்து, 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற ஹொஸ்பிஸை, அதாவது சாகும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தைத் தொடங்கினார். நாங்கள் இன்று செய்யும் வேலைக்கெல்லாம் வழி காட்டியவர் அவர்தான். அவருடைய மனதில் இது விழுந்தது ஒரு சிநேகிதத்தில். வார்சோவில் இருந்து லண்டனுக்கு வந்த டேவிட் டாஸ்மா என்ற யூதர், வயது நாற்பது, சொந்தமென்று சொல்ல ஒருவரும் பக்கத்தில் இல்லை, புற்றுநோயோடு வார்ட்டில் கிடந்தார். சிசிலி கிறிஸ்தவர், ஆழ்ந்த பக்தி உள்ளவர். நேரம் கிடைக்கும்போதெல்லாம் போய் அவர் பக்கத்தில் இருந்து கதைத்தார். ஒருநாள் டாஸ்மா ஆறுதலாக ஏதாவது சொல்லக் கேட்டார், சிசிலி தனக்கு மனப்பாடமாக இருந்த ஆண்டவரே என் ஆயர் என்ற சங்கீதத்தைச் சொன்னார், ஒரு யூதருக்கும் அது சொந்தச் செபம்தான். பிறகு புத்தகத்தை எடுத்து வாசிக்கவா என்று கேட்டபோது அவர் வேண்டாம் என்றார். உன்னுடைய மனதிலும் நெஞ்சிலும் இருப்பது மட்டும் போதும் என்றார். 1948இல் சாகும்போது, சிசிலி ஒருநாள் கட்டப்போகும் வீட்டில் தான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி 500 பவுண் விட்டுப்போனார். அந்த ஜன்னல் இன்றும் இருக்கிறது. உடம்பு வலி, மனப் பயம், வீட்டைப் பற்றிய கவலை, கடவுளைப் பற்றிய கேள்வி எல்லாம் சேர்ந்து ஒரே வலி, அதில் ஒன்றை மட்டும் பிரித்து வைத்தியம் செய்ய ஏலாது என்று பிற்காலத்தில் சிசிலி சொல்லித் தந்தார்.

அதனால்தான் உங்கள் வீட்டில் நடக்கும் மறைப்பைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. மகளுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், இரண்டு பேரும் ஒரே அறைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறீர்கள். எனக்கு இதில் ஒரு பழைய வடு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்பாவுக்குச் சொல்லவேண்டாம் டொக்டர் என்று பிள்ளைகள் கும்பிட்டுக் கேட்டதற்காக ஒரு பெரியவரிடம் தினமும் சிரித்துக்கொண்டு எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாக இரண்டு நாளைக்கு முதல் அவர் என் கையைப் பிடித்து, "நீங்களும் அவர்களோடு சேர்ந்துவிட்டீர்களா பிள்ளை" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. யாரிடமோ ஏதோ சொல்லவேண்டும் என்று அத்தனை நாளும் இடம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார், நாங்கள் எல்லோரும் சேர்ந்து கதவைப் பூட்டியிருக்கிறோம். அதற்குப் பிறகு நான் ஒரு நோயாளியிடமும் அப்படிச் சொல்லவில்லை.

மகளிடம் நீங்கள்தான் முதலில் வாய் திறக்கவேண்டும், அவரால் ஏலாது. பெரிதாக ஒன்றும் வேண்டாம், தலை சீவிவிடும் நேரம் அல்லது கஞ்சி தரும் நேரம், "அன்றைக்கு டொக்டர் சொன்னது எனக்கும் கேட்டது மகள்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் அழுவார், அழட்டும். அன்று இரவு இருவரும் நன்றாகத் தூங்கினாலும் ஆச்சரியப்படவேண்டாம்.

இனி ஜெபக்குழு. உங்களைத் தேடி வருகிறார்கள், அதில் உண்மையான அன்பு இருக்கிறது, அவர்களோடு முறித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் மரணத்தை வாயால் சொல்லக்கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஒரு கிறிஸ்தவளாகவே ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரிய வியாழன் இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசு என்ன செய்தார்? சாகுமளவுக்குத் துயரமாக இருக்கிறது என்று தன் சிநேகிதர் மூன்று பேரிடம் வாய்விட்டுச் சொன்னார், இங்கேயே இருங்கள், என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். இந்தக் கிண்ணம் என்னைவிட்டுப் போகட்டும் என்றும் கேட்டார், ஒருமுறை இல்லை, மூன்று முறை. கிண்ணம் போகவில்லை. அப்போஸ்தலர் பவுலும், உடம்பில் தைத்த முள் என்று தான் சொன்ன வேதனை நீங்கவேண்டும் என்று மூன்று முறை கேட்டார், அதுவும் எடுபடவில்லை, என் அருள் உனக்குப் போதும் என்றுதான் பதில் வந்தது. இவர்களையெல்லாம் விசுவாசம் குறைந்தவர்கள் என்று யார் சொல்வது? சுகம் கேட்டுச் செபியுங்கள், நானும் உங்களுக்காகக் கேட்பேன், சுகம் கேட்பது வேறு, சுகம் வராவிட்டால் அது உங்கள் குற்றம் என்று நெஞ்சில் சுமப்பது வேறு. அந்த இரண்டாவதை இறக்கி வையுங்கள்.

குழுவினரிடம் மகளைக் கொண்டு சொல்லுவியுங்கள்: கிழமைக்கு இரண்டு நாள், பதினைந்து நிமிடம், எட்டுப்பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும், அம்மாவுக்குப் பிடித்த பாட்டு ஒன்று, ஒரு செபமாலைப் பத்து. இப்படி ஒரு வேலையாகக் கொடுத்தால் அவர்களும் சந்தோஷமாகச் செய்வார்கள், பெரும்பாலும் என்ன செய்வதென்று தெரியாததால்தான் அவ்வளவு கதைக்கிறார்கள்.

சிநேகிதிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்தச் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரியைத்தான். உங்கள் மேல் நேசம் விட்டுப்போன ஆள் அந்தச் சன நெரிசலில் நின்று உங்கள் பேரைச் சொல்லித் திரி கொளுத்துமா? அவர் பயப்படுகிறார் அக்கா. உங்கள் முகத்தைப் பார்த்தால் அழுகை வந்துவிடும், நோயாளிக்கு முன்னால் அழக்கூடாது, என்ன சொல்வதென்றும் தெரியாது. பைபிளோடு எட்டுப்பேர் சுற்றியிருக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் திருநீறு பூசிய நெற்றியோடு போய் எங்கே இருப்பது என்றும் யோசித்திருப்பார். அந்தோனியாரிடம் போவது லேசு, அவர் மெலிந்துபோய்க் கட்டிலில் படுத்திருக்கவில்லை.

பைபிளில், எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்களைக் குறைசொல்வது நமக்குப் பழக்கம். ஆனால் தொடக்கத்தில் அவர்கள் செய்தது மிகச் சரி: ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு நிலத்தில் இருந்தார்கள், அவருடைய துயரத்தின் அளவைக் கண்டு ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதோடுதான் எல்லாம் கெட்டது. இதை உங்கள் சிநேகிதியிடம் சொல்லுங்கள், வந்து சும்மா இருப்பதற்கு அவருக்கு ஒரு அனுமதி வேண்டும், அதை நீங்கள்தான் கொடுக்கலாம். போனில் "எப்ப வாறாய்" என்று கேட்காதீர்கள், அதற்கு "வாறன்" என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நான் கனநாள் இருக்கமாட்டேன், எனக்குத் தெரியும். நீ ஒன்றும் சொல்லவேண்டாம், அழுதாலும் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடையால் வரும்போது ஏறிவிட்டுப் போ. வந்து பக்கத்தில் இரு." உங்களுக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்புங்கள். எழுதி அனுப்பாதீர்கள், உங்கள் குரல் அவருக்குக் கேட்கவேண்டும்.

வந்தால் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். சும்மா இருக்கத் தெரியாதவருக்கு வேலைதான் துணை. காலுக்கு எண்ணெய் தடவலாம், காய்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம், தலை சீவலாம். பள்ளிக்காலக் கதை ஏதாவது ஒன்று, உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த கதை. அவர் செபம் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், தேவாரம் பாடவா என்று கேட்டால் பாடச்சொல்லுங்கள், ஐம்பது வருடத்துச் சிநேகிதத்தின் பாட்டு அது, நம் ஆண்டவருக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் வராது என்று நான் நம்புகிறேன்.

83இல் அந்தப் பாயில் உங்களுக்கு யார் வசனம் சொன்னார்கள்? வெளியில் புகை, நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாது, உங்களுக்கு அப்போது பத்தொன்பது வயது இருக்குமா? ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இரவைக் கழித்திருப்பீர்கள், அவ்வளவுதான். சாவுப் பயத்தில் எப்படிப் பக்கத்தில் இருப்பது என்று உங்கள் இருவருக்கும் ஏற்கெனவே தெரியும் அக்கா. நானோ குருவானவரோ புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை.

மாற்கு நற்செய்தியில் திமிர்வாதக்காரனை நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து, சனக்கூட்டத்தால் உள்ளே போக ஏலாமல் கூரையைப் பிரித்து இறக்குவார்கள். படுத்திருந்தவன் ஒரு வார்த்தையும் கதைப்பதில்லை, கவனித்தீர்களா? இயேசு பார்த்தது அந்தத் தூக்கிவந்தவர்களின் நம்பிக்கையை என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. உங்களால் மந்திரம் முடிக்க ஏலாத நேரம் மகள் மீதியைச் சொல்லட்டும், சிநேகிதி திரி கொளுத்தட்டும். அந்த நேரம் கட்டிலின் ஒரு கால் அவர் கையில் இருக்கிறது.

குருவானவரைக் கூப்பிடுவது பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, ஆனால் நானே சொல்கிறேன். கொட்டாஞ்சேனை வீடுகளில் எனக்குத் தெரிந்தவரை பாதர் எண்ணெயோடு படியேறினாலே எல்லாம் முடிந்தது என்று அழத் தொடங்கிவிடுவார்கள், இன்னும் பழைய ஆட்கள் அதை அவஸ்தைப் பூசுதல் என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலேயே அது மாறிவிட்டது, நோயில் பூசுதல் என்பது மூச்சு இழுக்கும்போது மட்டும் கொடுக்கும் அருட்சாதனம் இல்லை, கடும் நோயில் இருப்பவர் சுயநினைவோடு, தன் வாயால் ஆமென் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம், நோய் கூடினால் திரும்பவும் பெறலாம். நினைவு தெளிவாக இருக்கும் இப்போதே கூப்பிடுங்கள். மகளும் சிநேகிதியும் அறைக்குள் நிற்கட்டும்.

இரவுப் பயம். எதற்குப் பயம் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொரு பயத்துக்கும் வேறு வேறு மருந்து. வலி வருமோ என்றால் படுக்க முதல் எடுக்கும் குளிசையும், நடுவில் வலி வந்தால் எடுக்க வைத்தியர் சொல்லித்தரும் மேலதிக அளவும் பதில். தனியாகப் போய்விடுவேனோ என்றால் மகள் அதே அறையில் பாய் போட்டுப் படுக்கட்டும், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மணி, ஒரு சின்ன வெளிச்சம். எப்படிச் சாவேன் என்ற பயம் என்றால், நேராகவே சொல்கிறேன்: ஈரலுக்குப் பரவிய பலருக்குக் கடைசி நாட்களில் தூக்கம் கூடிக்கொண்டே போகும், சாப்பாடு வேண்டாம் என்றிருக்கும், கூப்பிட்டால் கண் திறப்பார்கள், பிறகு அதுவும் குறையும், மூச்சு விட்டு விட்டு வரும், அநேகமாக அமைதியாகவே முடியும். மயக்கம், குழப்பம், மூச்சுத்திணறல் ஏதாவது வந்தால் அதற்கும் மருந்து இருக்கிறது, மகள் தனியாகப் பார்க்கவேண்டும் என்றில்லை, வீட்டில் ஏலாது என்று வந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், மஹரகமவில் சாந்த செவன ஹொஸ்பிஸும் இருக்கிறது. கண் திறக்காத ஆளுக்கும் காது கேட்கும் என்று எண்ணியே நாங்கள் கதைப்போம், உங்கள் சிநேகிதிக்கும் அதைச் சொல்லிவையுங்கள்.

சமாதானம் கிடைக்குமா என்று கேட்டீர்கள். எனக்கு அதை வாக்குக் கொடுக்க ஏலாது, அது என் கையில் இல்லை. நான் பார்த்தது இவ்வளவுதான்: அது பெரிய வெளிச்சமாக வந்து அப்படியே நின்றுவிடுவது குறைவு. ஒரு பின்னேரம் வரும், மறுநாள் காலை இருக்காது, திரும்பவும் யாராவது கையைப் பிடித்திருக்கும் நேரம் வரும். வராத நாளில் கடவுள் உங்களைக் கைவிட்டார் என்று கணக்கு எழுதாதீர்கள். ஏன் கைவிட்டீர் என்று சிலுவையில் இருந்து கேட்டவரிடம்தான் நீங்கள் செபிக்கிறீர்கள், அந்தக் கேள்வியை அவரிடம் அப்படியே கேட்கலாம், அவருக்கு அது புதிது இல்லை. நீளமாகச் செபம் வராவிட்டால் மூச்சு விடும்போது இயேசுவே என்று ஒரு சொல். அதுவும் வராவிட்டால் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு படுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கு முதல் மருந்துக் கொப்பியும் சிநேகிதிக்கான குரல் பதிவும், இந்த இரண்டையும் செய்துவிடுங்கள். மகனோடு மோர்பினைப் பற்றி நான் கதைக்கவேண்டும் என்றால் அவரையும் எழுதச் சொல்லுங்கள், விளங்கப்படுத்துகிறேன். உங்களுக்கு இரவுகள் எப்படிப் போகின்றன என்று எனக்குத் திரும்ப எழுதுங்கள், கை ஏலாமல் இருந்தால் நீங்கள் சொல்லச் சொல்ல சிநேகிதி எழுதட்டும்.

அன்புடன்,
உங்கள் டொக்டர் தங்கை